விருந்தாளிகளுக்குப் போட்ட காபி

வெளிநாட்டுக்காரர்களைச் செவ்தா வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று வாயைத் திறந்து சொன்னது நெவேனாதான். யாரும் அவளை வற்புறுத்தவில்லை. பிற்பாடு அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். அந்த ஒரு இடத்தில் மட்டும் பழியைப் பங்கு போட்டுக்கொள்ள ஆள் கிடைக்கவே இல்லை.

பல்கேரியாவின் ஸ்லிவென் நகரத்தில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, ஜிப்ஸிகள் என்று ஊர் ஒதுக்கிவைத்த ரோமாக்களின் குடியிருப்பு. நெவேனா பிறந்தது அங்கேதான். அப்பாவுக்கு நெசவாலையில் மேஸ்திரி வேலை கிடைத்ததும் குடும்பம் பாதையைத் தாண்டி ஊருக்குள் அடுக்குமாடி வீட்டுக்கு வந்துவிட்டது. நல்ல பள்ளிக்கூடம், பிறகு ப்ளோவ்திவில் பல்கலைக்கழகம். படித்து முடித்த கையோடு, சொந்த ஊரிலேயே நடந்த பொதுச் சுகாதாரத் தலைமைப் பயிற்சிக்கு அவளைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஆஸ்பத்திரி வரிசையில் எப்போதும் கடைசியில் நிறுத்தப்படுகிற சனங்களிலிருந்தே நாளைய சுகாதார அதிகாரிகள் வரவேண்டும் என்பதுதான் அந்தப் பயிற்சியின் நோக்கம். அதனால் வகுப்பில் ரோமாக்கள் இருந்தார்கள், துருக்கியர்கள் இருந்தார்கள், சக்கர நாற்காலியில் வரும் பெண் ஒருத்தி இருந்தாள். நடத்தியவர் டாக்டர் இஸ்க்ரா. அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த பல்கேரியப் பெண்மணி, நல்ல மனுஷி. மாணவர்களில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் வீட்டுக்கே சூப் கொண்டுபோய்க் கொடுப்பார்.

அந்த வசந்த காலத்தில், பயிற்சிக்கு நிதி தரும் வெளிநாட்டு அறக்கட்டளையிலிருந்து மூன்று பேர் வருவதாக இருந்தது.

“படம் போட்டுக் காட்டுறதெல்லாம் அவங்க நிறையப் பாத்தாச்சு,” என்றார் இஸ்க்ரா. “நேர்ல ஒரு வீட்டைப் பாக்கணும்னு ஆசைப்படுறாங்க. யாராவது கூட்டிட்டுப் போறீங்களா?”

“எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம் டாக்டர்,” என்றான் எர்ஹான். கர்ஜாலிப் பக்கத்துத் துருக்கியப் பையன் அவன். “ஆனா எங்கம்மா சாப்பிட வெச்சே அவங்களைக் கொன்னுடுவா. அப்புறம் நமக்குக் காசு யாரு குடுப்பா?”

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நெவேனா கையைத் தூக்கிவிட்டாள்.

பயிற்சி முடிவில் ஒருவருக்கு மட்டும் வெளிநாட்டில் மேற்படிப்புக்கு இடம் உண்டு. யாருக்கு என்று முடிவு செய்வதில் அந்த விருந்தாளிகளுக்கும் பங்கு உண்டு என்பது வகுப்பில் அனைவருக்கும் தெரியும். நெவேனாவுக்கு நன்றாகவே தெரியும்.

வெளியே வராந்தாவில் எர்ஹான் கேட்டான். “உன் தோழி சரின்னு சொல்லிட்டாளா?”

“சொல்லுவா.”

“என்னன்னு சொல்லிக் கேக்கப்போறே?”

“ஏண்டா, நீ என்ன போலீஸா?”

அவன் தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டான்.

செவ்தா அவளுடைய சின்ன வயசுத் தோழி. அடுத்தடுத்த வீடு. ஒரே சட்டையை மாற்றி மாற்றிப் போட்டு வளர்ந்தவர்கள். செவ்தாவுக்குப் பதினேழு வயதில் கல்யாணம் ஆனது. புருஷன் ராதியோடு இங்கிலாந்துக்குப் போய் இரண்டு வருஷம் ஹோட்டல் அறைகள் துப்புரவு செய்தாள். குழந்தை பிறந்ததும் அவன் அங்கேயே இருக்க, இவள் மட்டும் திரும்பி வந்தாள். அதன்பிறகு அடுக்களை ஜன்னலைத் திறந்து வைத்து பனித்சா சுட்டு விற்றாள். மெல்லிய மாவுத் தாளுக்குள் பாலாடைக்கட்டி வைத்துச் சுடுகிற பண்டம் அது. காலையில் வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் அவள் ஜன்னலில் நின்றுவிட்டுத்தான் போவார்கள்.

குளிர்காலத்தில் அவளுக்கு இருமல் பிடித்தது. விடவில்லை. கடைசியில் காசநோய் என்று தெரிந்தது. நெஞ்சக நோய் ஆஸ்பத்திரியில் சில வாரம் படுத்திருந்தாள். இனி மற்றவர்களுக்குத் தொற்றாது, வேலை செய்யலாம், ஆனால் மாத்திரையை மட்டும் மாதக்கணக்கில் விடக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்து நர்ஸ் முன்னால் விழுங்கிவிட்டுப் போகவேண்டும். தெருவில் நிமோனியா என்று சொல்லி வைத்திருந்தாள். உண்மை தெரிந்தவர்கள் அவளுடைய மாமியாரும், குடியிருப்பின் சுகாதாரப் பணியாளர் தின்காவும், பயிற்சியின் பகுதியாக அந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த நெவேனாவும்தான். மாமியாருக்குப் பயம். மருமகளின் தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்தாள். நெவேனா போய் உட்கார்ந்து, “இது மூச்சுல பரவுற நோய் அத்தை. டம்ளர்ல, தட்டுல ஒட்டாது. இப்ப மூச்சுலயும் பரவாது,” என்று எடுத்துச் சொல்லி, எல்லாப் பாத்திரத்தையும் ஒரே அலமாரியில் அடுக்கவைத்துவிட்டு வந்தாள். செவ்தா அன்றைக்கு வாசல்வரை வந்து அவள் கையைப் பிடித்து அழுதாள்.

அந்த வீட்டுக்குத்தான் போகலாம் என்றாள் நெவேனா.

“வெளிநாட்டுலேர்ந்து மூணு பேர் வர்றாங்கடி,” என்றாள் ஜன்னலில் நின்று. “நம்ம தெருவைப் பாக்கணுமாம். உன் வீட்டுல கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போறோம்.”

“என் வீட்டுக்கா? ஏன், மேயர் வீட்டுல நாற்காலி இல்லையாமா?”

“வேணாம்னா சொல்லு.”

“வேணாம்னு யாருடி சொன்னா? வரட்டும்.” செவ்தா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “எனக்கு இருக்கிறது அவங்களுக்குத் தெரியுமா?” என்றாள்.

“சே, அதெல்லாம் எதுக்கு?”

அந்த நேரத்தில் அதை மனசாரத்தான் சொன்னோம் என்று நெவேனா நெடுநாள் தன்னையே நம்பவைத்துக்கொண்டிருந்தாள்.

விருந்தாளிகள் வந்த அன்று செவ்தா முற்றத்துச் சிமெண்டுத் தரையைக் கழுவிவிட்டிருந்தாள். திராட்சைப் பந்தலுக்குக் கீழே மேசை போட்டு, இஸ்திரி போட்ட விரிப்பு விரித்து, கல்யாணத்துக்கு வந்த தங்க விளிம்புக் கோப்பைகளை எடுத்து வைத்திருந்தாள். சிவப்புச் சட்டை போட்டு, உதட்டுக்குச் சாயம் பூசியிருந்தாள். பனித்சா சூடாக ஆவி பறந்துகொண்டிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு ஸ்தானா சூரியகாந்தி விதையைக் கொறித்தபடி நின்றாள். அவள் பின்னால் இன்னும் நாலைந்து பெண்கள்.

டாக்டர் இஸ்க்ராவுடன் வந்தவர்கள் மூவர். இரண்டு ஆண்கள், நரைத்த குட்டை முடியோடு உயரமான ஒரு பெண். அந்தப் பெண்ணின் பெயர் மார்கிட். தலைமை அவர்தான்.

நெவேனா ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தாள். வீட்டிலேயே கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்த பேச்சு. முதலில் குடியிருப்பைப் பற்றி, சாக்கடை இல்லாததைப் பற்றிச் சொன்னாள். மார்கிட் தலையாட்டினார், ஆனால் அவர் கண் பந்தலுக்கு மேலே அலைந்தது. பேச்சு எடுபடவில்லை என்று நெவேனாவுக்குப் பட்டது. செவ்தா பக்கம் கையை நீட்டினாள்.

“இந்தப் பெண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். பதினேழு வயதில் திருமணம். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. மாதக்கணக்கில் இருமிக்கொண்டிருந்தும் மருத்துவரிடம் வரவில்லை. இவர்களுக்கு நோயைப் பற்றிய அறிவு கிடையாது. பயமும் மூடநம்பிக்கையும்தான். கடைசியில் டியூபர்குலோசிஸ் என்று தெரிந்தபோது நுரையீரலில் ஓட்டையே விழுந்திருந்தது. என்னைப் போல் இதே தெருவில் பிறந்த ஒருத்தி உள்ளே வந்து பேசியதால்தான் இன்றைக்கு இவள் மாத்திரை சாப்பிடுகிறாள்.”

மார்கிட்டின் கண் இப்போது அலையவில்லை. “டியூபர்குலோசிஸா?” என்று திருப்பிக் கேட்டார். “ஆமாம், டியூபர்குலோசிஸ்,” என்றாள் நெவேனா. ஆங்கிலத்திலும் பல்கேரிய மொழியிலும் அது ஏறக்குறைய ஒரே சொல். வேலிக்கு அப்பால் விதை கொறிக்கும் சத்தம் நின்றுபோனது நெவேனாவின் காதில் விழவில்லை. செவ்தா இரண்டு வருஷம் ஆங்கிலத்தில் திட்டு வாங்கி, ஆங்கிலத்தில் பதில் சொல்லி வாழ்ந்தவள் என்பதும் அவளுக்குத் தெரியாததல்ல. லண்டன் பெண்களைப் போலவே பேசிக்காட்டி செவ்தா அவளை எத்தனையோ முறை சிரிக்கவைத்திருக்கிறாள். ஆனால் அந்தச் சமயம் அது நினைவுக்கே வரவில்லை. செவ்தா அந்த நேரம் அவளுக்குத் தோழியாக இல்லை, சுட்டிக்காட்டுகிற ஒரு உதாரணமாக இருந்தாள்.

செவ்தா காபிக் கோப்பைகள் வைத்த தட்டை நீட்டிக்கொண்டு நின்றாள். மார்கிட் ஒரு கோப்பையை எடுத்தார். உதடுவரை கொண்டுபோகவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு, கேள்வி கேட்பதுபோல் நெவேனாவைப் பார்த்தார்.

நெவேனா அவர் பக்கம் குனிந்து, மெதுவாக, ஆங்கிலத்தில் சொன்னாள்: “கட்டாயமில்லை. நீங்கள் குடிக்க வேண்டாம்.”

மார்கிட் கோப்பையை மேசையில் வைத்துவிட்டார். மற்ற இருவரும் தொடவேயில்லை. செவ்தாவின் மாமியார் அடுக்களை வாசலில் நின்று அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். இஸ்க்ரா ஒரு துண்டு பனித்சாவை எடுத்துத் தின்றார், அவசரமாக, நின்றபடியே. செவ்தா சிரித்த முகத்தை மாற்றவில்லை. ஹோட்டலில் பழகிய சிரிப்பு அது. அவர்கள் கிளம்பும்போது வாசல்வரை வந்து கை அசைத்தாள். நெவேனாவை மட்டும் பார்க்கவில்லை. வேலை அதிகம், களைத்துப் போயிருப்பாள் என்று நெவேனா நினைத்துக்கொண்டாள்.

காரில் மார்கிட் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “உங்களைப் போன்றவர்கள்தான் வேண்டும்,” என்றார். நெவேனாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அடுத்த வாரம் மேற்படிப்பு இடம் அவளுக்கே என்று இஸ்க்ரா கூப்பிட்டுச் சொன்னார். “அந்த வீடுதான் அவங்க மனசைத் தொட்டுச்சு, நெவேனா. அந்தப் பொண்ணோட கதை.” வகுப்பில் கை தட்டினார்கள். எர்ஹானும் தட்டினான்.

அதே வாரம் செவ்தா ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டு நெவேனா தின்காவுக்கு ஃபோன் செய்தாள்.

“உனக்குத் தெரியாதா?” என்றாள் தின்கா. பருத்த உடம்பும் பெரிய குரலுமான பெண் அவள், ஆனால் அன்றைக்குக் குரல் எழும்பவில்லை. “ஸ்தானா தெருப் பூரா சொல்லிட்டா. டியூபர்குலோசிஸ்னு நீயே சொன்னியாம், ரெண்டு காதாலயும் கேட்டாளாம். ஒருத்தரும் ஜன்னல் பக்கம் போறதில்ல. பாதிப் பேரு, இவ்வளவு நாள் எங்க புள்ளைங்களுக்கு நோயை வித்தியேன்னு வாசல்ல நின்னு கத்திட்டுப் போனாங்க. பாலர் பள்ளியில குழந்தையைக் கொண்டுவராதேன்னுட்டாங்க.”

“அது தொத்தாது அக்கா. டாக்டர் எழுதிக் குடுத்திருக்காரே...”

“அதை அன்னிக்கு அந்த வெள்ளைக்காரம்மாகிட்ட சொல்லியிருக்கலாமே, பொண்ணே.”

நெவேனா ஃபோனைப் பிடித்தபடி நின்றாள். செவ்தாவுக்குக் கேட்டிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு சொல்லும் கேட்டிருக்கிறது.

உடனே அவளால் போக முடியவில்லை. ரயில் பாதைவரை நடந்து, திரும்பி வந்தாள். மறுநாளும் அப்படியே. மாத்திரையைப் பாதியில் விட்டால் நோய் மூர்க்கமாகத் திரும்பும், அப்புறம் எந்த மருந்துக்கும் மசியாது. இதை மேடையேறிப் பலருக்குச் சொன்னவள் அவள். அந்தப் பயம்தான் கடைசியில் அவளைத் தள்ளிக்கொண்டு போனது. வெட்கத்தை மட்டும் நம்பியிருந்தால் போயிருக்க மாட்டாள்.

ஜன்னல் சாத்தியிருந்தது. தட்டினாள். திரும்பத் தட்டினாள். செவ்தா ஒரு கதவை மட்டும் திறந்தாள். முகம் இளைத்திருந்தது.

“என்னடி, இன்னிக்கு எத்தனை பேரைக் கூட்டிட்டு வந்திருக்கே?”

“செவ்தா, நான்...”

“இங்லீஷ்லயே பேசு. எனக்குப் புரியும்.” செவ்தா அவள் குரலிலேயே, அதே அழுத்தத்தோடு, ஆங்கிலத்தில் சொல்லிக்காட்டினாள்: “இவர்களுக்கு நோயைப் பற்றிய அறிவு கிடையாது.” பிறகு தங்கள் மொழிக்குத் திரும்பினாள். “நான் டாக்டர்கிட்டப் போகலையா? மூணு தடவை போனேன். இன்சூரன்ஸ் இல்லைன்னு வாசல்லயே திருப்பி அனுப்பினாங்க. பேரைப் பாத்தாங்க, மூஞ்சியைப் பாத்தாங்க, போன்னாங்க. இதை உன்கிட்ட உக்காந்து அழுது சொன்னேனா இல்லையா?”

“சொன்னே.”

“அதை ஏன் அவங்ககிட்ட சொல்லலை?”

நெவேனாவுக்குப் பதில் தெரியும். டாக்டர் இஸ்க்ரா பக்கத்தில் இருந்தார். ஊர் டாக்டர்களைக் குறை சொன்னால் பேச்சு கசந்துவிடும். முட்டாள் பெண்ணும் அவளைக் காப்பாற்றிய படித்த பெண்ணும் என்றால் கதை அழகாக வரும். இதை அவளால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

“அது கூடப் போகட்டும்,” என்றாள் செவ்தா. “காபியைக் குடிக்க வேணாம்னியே. என் மாமியாருக்கு டம்ளர்ல ஒட்டாதுன்னு பாடம் எடுத்தது யாருடி? அந்தக் கிழவி இப்ப என் டம்ளரை மறுபடி தனியா வெச்சுட்டா. ‘உன் சிநேகிதியே குடிக்கவிடலையே’ங்கறா. நான் என்ன சொல்லட்டும்?”

“என்னை மன்னிச்சுடு, செவ்தா. நான் பண்ணது...”

“மன்னிப்புக் கேக்க வந்தியா, மாத்திரைக்காக வந்தியா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லு. ரெண்டையும் சேத்துக் கேக்காதே.”

தெருவில் யாரோ சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

“மாத்திரைக்காக.”

செவ்தா ஜன்னல் விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டாள். “சரி. அந்த ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன். அந்த வாசல்ல என்னைப் பாத்துச் சிரிக்கறதுக்குன்னே ஆளுங்க நிக்கிறாங்க. சந்தையில தின்கா அக்காவோட தங்கச்சி பழந்துணிக் கடை வெச்சிருக்கா. அங்க உள்ளே போய் முழுங்கறேன். தின்கா அக்கா குடுக்கட்டும். நீ வரக்கூடாது. அந்தப் பக்கமே வரக்கூடாது.”

“வரமாட்டேன்.”

ஜன்னல் சாத்திக்கொண்டது.

ஆஸ்பத்திரித் தலைமை மருத்துவர் ஒப்புக்கொள்ளவில்லை. கண்ட இடத்தில் மாத்திரை கொடுக்க விதி இல்லை என்றார். அவரைச் சம்மதிக்க வைக்க இஸ்க்ராவின் சிபாரிசு வேண்டும். இஸ்க்ராவிடம் காரணம் சொல்லித்தான் ஆகவேண்டும். நெவேனா ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இஸ்க்ரா எழுந்துவந்து அவள் தோளில் கை வைத்தார். “உன்னை ஏன் இப்படி வதைச்சுக்கறே? நீ நல்லதுக்குத்தானே செஞ்சே. பதட்டத்துல வாய் தவறிடுச்சு. இதையே நாம வகுப்புல ஒரு பாடமா வெச்சுப் பேசலாம். எல்லாருக்கும் பிரயோஜனமா இருக்கும்.”

“வேணாம் டாக்டர்.”

“பேரு சொல்ல வேணாம்...”

“வேணாம். அவளை இன்னொரு தடவை பாடமாக்க வேணாம்.”

குரல் அவள் நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது. இஸ்க்ராவின் கை தோளிலிருந்து நழுவியது. அவர் ஜன்னலோரம் போய் நின்றார்.

“நானும் அங்கதான் இருந்தேன்,” என்றார். “தொத்தாதுன்னு எனக்கும் தெரியும். நின்னுக்கிட்டே ஒரு துண்டு தின்னேன். அந்தக் காபியை எடுத்து நான் ஒரு வாய் குடிச்சிருந்தா எல்லாரும் குடிச்சிருப்பாங்க.”

அன்று சாயங்காலமே அவர் தலைமை மருத்துவரிடம் பேசினார். விதி தளர்ந்தது. அறக்கட்டளையின் அறிக்கைக்காக எடுத்த படங்களிலிருந்து செவ்தாவின் முற்றத்தையும் நீக்கச் சொன்னார்.

மேற்படிப்பு இடத்தை வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று நெவேனா யோசிக்காமல் இல்லை. எர்ஹானுக்குக் கொடுங்கள் என்று சொல்லும் வாசகத்தைக்கூட மனசுக்குள் அமைத்துப் பார்த்தாள். சொல்லவில்லை. அவளுக்கு அந்த இடம் வேண்டியிருந்தது. இலையுதிர் காலத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனாள். விமான நிலையத்தில் அம்மா அவளைக் கட்டிக்கொண்டு பெருமையில் அழுதபோது, அவளுக்கு எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளவேண்டும் போலிருந்தது.

செவ்தா ஒருநாள்கூடத் தவறவில்லை என்று தின்கா எழுதினாள். பழந்துணி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து விழுங்கிவிட்டு, கையோடு ஒரு துணியையாவது பேரம் பேசிவிட்டுத்தான் போவாளாம். நோய் முழுக்கக் குணமானது. ஜன்னலை மறுபடி திறந்து பார்த்தாள், ஓரிருவர்தான் வந்தார்கள். குழந்தையைக் கூட்டிக்கொண்டு பூர்காஸ் கடற்கரைக்கு ஹோட்டல் வேலைக்குப் போய்விட்டாள்.

நெவேனா திரும்பி வந்து அதே பயிற்சியில் ஆசிரியை ஆனாள். இஸ்க்ரா ஓய்வு பெற்றதும் பொறுப்பு முழுவதும் அவள் கைக்கு வந்தது. நன்றாகச் செய்தாள் என்றே எல்லோரும் சொல்வார்கள். இன்சூரன்ஸ் இல்லாதவர்களை டாக்டர்கள் வாசலிலேயே திருப்பி அனுப்புவதைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் பேசாமல் விடமாட்டாள், யார் முகம் சுளித்தாலும் சரி. விருந்தாளிகளை வீடுகளுக்கு அழைத்துப் போகும் வழக்கத்தை அடியோடு நிறுத்தினாள். புதுப் பிள்ளைகள் ஏன் என்று கேட்டால் முகம் சிவந்து, பேச்சை மாற்றிவிடுவாள்.

ஒரு கோடையில் கூட்டம் ஒன்றுக்காகப் பூர்காஸ் போனவள், பேருந்து நிலையத்தில் செவ்தாவைப் பார்த்தாள். சீருடை போட்ட இன்னொரு பெண்ணோடு நிழலில் உட்கார்ந்து தர்பூசணி தின்றுகொண்டிருந்தாள். உடம்பு தேறி, கன்னம் பூரித்திருந்தது. நெவேனா தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போனாள்.

“செவ்தா.”

செவ்தா நிமிர்ந்து பார்த்தாள். கோபம் எதுவும் முகத்தில் இல்லை.

“யாருடி இது?” என்று கேட்டாள் கூட இருந்தவள்.

“எங்க தெருவுல முன்னாடி இருந்தவங்க. நல்லாப் படிச்சவங்க, இப்ப பெரிய வேலையில இருக்காங்க,” என்றாள் செவ்தா. வாயைத் துடைத்துக்கொண்டு, நெவேனாவைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தாள். “உக்காருங்களேன். பஸ் வர நேரமாகும்.”

நெவேனா உட்காரவில்லை. கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்றாள். நேரம் நிறைய இருந்தது.